பெட்டியில் விழுந்த காசு

பெர்லினுக்குத் தெற்கே யூட்டர்போக் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித நிக்கோலாஸ் ஆலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு பெட்டியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இரும்புப் பட்டை அடித்த கனத்த மரப்பெட்டி அது. 'டெட்சல் பெட்டி' என்பது ஊர் வைத்த பெயர். 1517ஆம் ஆண்டு யோஹான் டெட்சல் என்ற டொமினிக்கன் சபைத் துறவி இந்த ஊருக்கு வந்து பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். காசு விழுந்தது இந்தப் பெட்டியில்தான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற சொல் நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் சமயச் சீர்திருத்தம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியில் வந்து போகும். தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் கோடிக்கணக்கான மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. கடவுளின் தயவை மனிதன் உழைத்துச் சம்பாதிக்க வேண்டுமா, வெறுங்கையை நீட்டிப் பெற்றுக்கொண்டால் போதுமா? இந்தக் கேள்வியின் கதையை இறையியல் நூல்களில் படிக்கலாம். காசுப் பெட்டிகளைப் பின்தொடர்ந்து போயும் படிக்கலாம். இரண்டாவது வழியில் மனித முகங்கள் அதிகம் தென்படும்.

ரொட்டியும் தண்ணீரும் பணமும்

சீட்டு விற்பனை ஒரே நாளில் முளைத்ததல்ல. ஆறாம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகள் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காகக் கையேடுகள் எழுதினார்கள். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உண்டு பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று அவற்றில் பட்டியல் இருக்கும். சில பாவங்களுக்குப் பல ஆண்டுகள். வயதானவர், நோயாளி, வயலில் உழைக்க வேண்டியவர் எப்படி அத்தனை ஆண்டு நோன்பிருப்பார்? அதற்காக மாற்று வழிகள் வந்தன: இத்தனை சங்கீதம் ஓதலாம், இவ்வளவு தருமம் செய்யலாம். இரக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் நோன்பைப் பணமாக மாற்றிக்கொள்ளும் வாசல் அங்கேதான் திறந்தது.

1095இல் கிளெர்மோன் சங்கத்தில் போப் இரண்டாம் உர்பான், எருசலேமை மீட்கச் சிலுவைப்போருக்குப் புறப்படுகிறவர்களுக்கு அந்தப் பயணமே முழுப் பிராயச்சித்தமாகக் கணக்கிடப்படும் என்று அறிவித்தார். 1300இல் எட்டாம் போனிபாஸ் யூபிலி ஆண்டு கொண்டாடி, ரோமுக்கு வரும் யாத்திரிகர்களுக்குப் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதிலிருந்தும் விலக்கு, வழங்கினார். 1343இல் ஆறாம் கிளமென்ட் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டார். கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய புண்ணியம் வற்றாத கருவூலமாகத் திருச்சபையிடம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் போப்புக்கு உண்டு என்றது அவருடைய ஆணை. 1476இல் நான்காம் சிக்ஸ்டஸ் இன்னொரு படி போனார். இறந்துபோய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆத்துமாக்களுக்காகவும், உயிரோடிருப்பவர்கள் இந்தப் பலனைப் பெற்றுத்தரலாம் என்றாகிவிட்டது.

செத்துப்போன தாய் நெருப்பில் தவிக்கிறாள், உன் கையிலிருக்கும் காசு அவளை மீட்கும் என்று சொன்னால் எந்த மகன் கையை மூடிக்கொள்வான்?

அச்சு இயந்திரம் வந்ததும் வேகம் கூடியது. ஐரோப்பாவில் அச்செழுத்துக் கோத்து அச்சிட்டவற்றுள், தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழையவை எவை தெரியுமா? 1454, 1455ஆம் ஆண்டுகளில் மைன்ஸ் நகரில் அச்சான பாவமன்னிப்புச் சீட்டுகள். துருக்கியரிடமிருந்து சைப்ரஸைக் காக்க நிதி திரட்டுவதற்காக அவை அச்சிடப்பட்டன. வாங்குபவரின் பெயரையும் தேதியையும் கையால் நிரப்ப இடம் விட்டிருக்கும். இன்றைய ரசீதுப் புத்தகத்தின் பாட்டி என்று அதைச் சொல்லலாம்.

கடனில் வாங்கிய பதவி

டெட்சலை யூட்டர்போக்குக்கு அனுப்பிய சங்கிலி ஒரு கடன் பத்திரத்தில் தொடங்குகிறது. பிராண்டன்பர்க் அரச குடும்பத்தின் இளையவர் ஆல்பிரெக்ட் 1513இல், 23 வயதில், மாக்டபர்க் பேராயரானார். அடுத்த ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவிக்கும் தேர்வானார். திருச்சபைச் சட்டப்படி அவருக்கு ஆயராகும் வயதில்லை. ஒருவரே இத்தனை மறைமாவட்டங்களை வைத்துக்கொள்ளவும் கூடாது. விலக்கு வேண்டுமானால் ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்து வங்கி முதலாளி யாக்கோப் ஃபுக்கர் சுமார் 29,000 கில்டர் கடன் கொடுத்தார்.

திருப்பிக் கட்ட வழி? 1506இல் ரோமில் புதிய புனித பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுமானத்துக்காக 1515இல் போப் பத்தாம் லியோ அறிவித்த பரிபூரண பலனை ஆல்பிரெக்ட் தன் பகுதிகளில் விற்கலாம். வருவதில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுக்கர் கடனுக்கு. சனங்களுக்குப் பேராலயக் கதை மட்டும் தெரியும். மறுபாதி எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆல்பிரெக்ட் பெயரில் வெளியான வழிகாட்டிக் குறிப்பில் தகுதிவாரியாகத் தொகை குறித்திருந்தது. அரசர்களும் பேராயர்களும் 25 பொன் கில்டர். படிப்படியாக இறங்கி, சாதாரணக் கைவினைஞர் ஒரு கில்டர் அல்லது அதிலும் பாதி. ஒன்றுமில்லாத ஏழை, ஜெபத்தாலும் நோன்பாலும் பெறலாம். தனக்காக வாங்குபவர் மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றும் குறிப்பில் உண்டு. இறந்தவர்களுக்காக வாங்குபவருக்கோ அந்த நிபந்தனையும் இல்லை. பெட்டியில் காசு விழுந்தால் போதும். திருச்சபையின் போதனையை டெட்சல் கெடுத்தார் என்று பழியை முழுவதும் அவர் தலையில் போடுவது நியாயமல்ல. மேலிருந்து வந்த தாளில் இருந்ததை அவர் சந்தையில் நின்று உரக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

யூட்டர்போக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் விட்டன்பர்க். அந்த ஊரை ஆண்ட பிரெடரிக் தன் நாட்டுக்குள் இந்த விற்பனையை அனுமதிக்கவில்லை. அவரிடம் சொந்தமாகவே ஒரு புண்ணியக் கருவூலம் இருந்ததும் அதற்கொரு காரணம். விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் அவர் சேர்த்திருந்த திருப்பண்டங்கள் 1509இல் 5,005. ஓவியர் கிரானாக் அவற்றைப் படமாக வரைந்த பட்டியலே அச்சானது. 1520க்குள் எண்ணிக்கை 19,013 ஆனது. முள்முடியின் ஒரு முள், மாட்டுத் தொழுவத்தின் வைக்கோல் என்றெல்லாம் அதில் உண்டு. அத்தனையையும் வணங்கிக் காணிக்கை செலுத்துபவருக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் 19,02,202 ஆண்டு 270 நாள் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

எல்லையைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கிய விட்டன்பர்க் மக்கள், அதைத் தங்கள் குருவிடம் நீட்டினார்கள். அந்தக் குருவின் பெயர் மார்ட்டின் லூதர்.

ஆறு மணி நேரப் பாவசங்கீர்த்தனம்

1483இல் ஐஸ்லேபனில் பிறந்த லூதர், செப்புத் தொழில் செய்த தகப்பனின் ஆசைப்படி சட்டம் படிக்க வேண்டியவர். 1505 ஜூலை 2 அன்று எர்ஃபர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்டோட்டர்ன்ஹைம் அருகே இடி இறங்கியது. தரையில் விழுந்த இளைஞன், தப்பித்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னம்மாளுக்குப் பொருத்தனை செய்தான். இரண்டு வாரத்தில் அகுஸ்தீன் சபை மடத்துக்குள் போய்விட்டான்.

மடத்தில் லூதரைக் குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நோன்பு, இராக்காலக் கண்விழிப்பு, குளிரில் போர்வையில்லாத உறக்கம் என்று விதித்ததற்கு மேலேயே செய்தார். துறவறத்தால் ஒருவன் பரலோகம் போக முடியுமென்றால் நான் போயிருப்பேன் என்ற பொருளில் பிற்காலத்தில் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் உட்கார்ந்தால் சில நாள் ஆறு மணி நேரம் ஆகும். எழுந்து வெளியே வந்ததும் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வரும். ஓடிப்போய் மறுபடி மண்டியிடுவார். அவருடைய ஆன்ம குருவான ஸ்டௌபிட்ஸ் களைத்துப்போனார். உன்னையே பார்த்துக்கொண்டிராதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கொடுத்த புத்தி.

மடத்து வேலையாக ரோமுக்குப் போனபோது, பிலாத்துவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டதாக நம்பப்படும் 28 படிகளில் லூதர் முழங்காலால் ஏறினார். படிக்கொரு ஜெபம், இறந்துபோன தாத்தாவின் ஆத்துமாவுக்காக. உச்சிப்படிக்கு வந்ததும் அவர் மனசில் ஒரு கேள்வி எழுந்தது: இதெல்லாம் உண்மைதானா, யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். லூதரின் துன்பம் சோம்பேறியின் துன்பமில்லை. ஒழுங்காக முயன்றவரின் துன்பம். எவ்வளவு செய்தாலும் 'போதும்' என்று சொல்ல ஆளில்லாத துன்பம். முயற்சியால் பெற வேண்டிய மன்னிப்புக்கு எல்லைக்கோடு கிடையாது. இன்று செய்தது நாளை பழசாகிவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிலிருந்து நேர்ச்சையை எண்ணிக்கொண்டே படுக்கும் தாய்வரை, இந்தத் தவிப்பு தெரியாதவர் யார்?

1512இல் இறையியல் முனைவரான லூதர், விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களையும் ரோமருக்கு எழுதின நிருபத்தையும் பாடம் எடுத்தார். ரோமர் முதல் அதிகாரத்தில் வரும் 'தேவநீதி' என்ற சொல் அவரை வதைத்தது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே பாவியைத் தண்டிப்பவர்; இதில் நற்செய்தி எங்கே இருக்கிறது? இரவும் பகலும் அந்த வசனத்தைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் கதவு திறந்தது. அங்கே பேசப்படுவது தண்டிக்கும் நீதியில்லை. விசுவாசிக்கிறவனுக்குக் கடவுள் இலவசமாகத் தந்து அவனை நீதிமானாக்கும் நீதி. மறுபிறவி எடுத்ததுபோலவும், திறந்த வாசல் வழியே பரதீசுக்குள் போனதுபோலவும் இருந்ததாக 1545இல் அந்த நாளை நினைவுகூர்ந்தார். எந்த ஆண்டு அது நடந்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை.

1520இல் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறுநூலில் இதற்கு அவர் கல்யாண உவமை சொன்னார். கடன்பட்ட ஏழைப் பெண்ணைச் செல்வந்தன் மணக்கிறான். அவள் கடன் அவனுடையதாகிறது. அவன் சொத்து அவளுடையதாகிறது. கடனை அடைத்துவிட்டு வா, பிறகு மணக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை.

இந்த மனிதரிடம்தான் சீட்டை நீட்டினார்கள். 1517 அக்டோபர் 31 அன்று, சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்தின நாள், லூதர் 95 வாதக் கூற்றுகளை எழுதி ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார். ஆலயக் கதவில் ஆணியடித்தாரா என்பது வேறு விவாதம். கடிதம் போனது உறுதி. மனந்திரும்புதல் ஒரு நாள் சடங்கல்ல, கிறிஸ்தவனின் வாழ்நாள் முழுவதும் நீளும் காரியம் என்பது முதல் கூற்றின் சாரம். சில வாரங்களில் அச்சாளர்கள் அதை ஜெர்மனி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சீட்டை அச்சிட்ட அதே தொழில், சீட்டுக்கு எதிரான வாதத்தையும் அச்சிட்டது.

அடுத்த அக்டோபரில் லூதரை ஆக்ஸ்பர்க்குக்கு அழைத்தார்கள். போப்பின் பிரதிநிதி கர்தினால் கயத்தான் அங்கே தங்கியிருந்தது ஃபுக்கரின் மாளிகையில். லூதர் தங்கியது புனித அன்னம்மாள் பெயரில் இருந்த கார்மேல் சபை மடத்தில். கூற்றுகளைத் திரும்பப் பெறு என்றார் கர்தினால். மறுத்த லூதர் ஓர் இரவில் ஊரைவிட்டு வெளியேறினார். 1521 ஜனவரியில் போப் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்.

நான்கு பூட்டு

லூதரின் போதனைக்கு உடனே எழுந்த மறுப்பு நியாயமானது. மன்னிப்பு இலவசம் என்று சொல்லிவிட்டால் யார் நன்மை செய்வார்? பெட்டியில் யார் காசு போடுவார்? நல்ல மரம் தானாக நல்ல கனி தரும், கனி தந்துதான் நல்ல மரமாக வேண்டும் என்பதில்லை என்று லூதர் பதில் சொன்னார். பரலோகம் கையில் வந்துவிட்டபின், செய்யும் நன்மையைக் கடவுளிடம் பேரம் பேசப் பயன்படுத்த வேண்டியதில்லை. அதை அப்படியே அயலானுக்குக் கொடுத்துவிடலாம்.

சொன்னது செயலில் எப்படி இருந்தது? 1523இல் சாக்சனியில் லைஸ்னிக் என்ற சிற்றூர் மக்கள் லூதரிடம் ஆலோசனை கேட்டு, ஆலயத்தில் 'பொதுப் பெட்டி' ஒன்று வைத்தார்கள். அதற்கு நான்கு பூட்டு, நான்கு சாவி. ஒன்று பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று ஊர்ச் சபையாரிடம், ஒன்று சுற்றுப்புறக் குடியானவர்களிடம். நால்வரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். அதிலிருந்து போதகருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளம், அனாதைக்கும் முதியவருக்கும் உதவி, நொடித்துப்போன தொழிலாளிக்குக் கடன், பஞ்ச காலத்துக்குத் தானியம். டெட்சல் பெட்டியில் விழுந்த காசு ரோமுக்கும் ஆக்ஸ்பர்க்குக்கும் போயிற்று. இந்தப் பெட்டிக் காசு அடுத்த தெருவைத் தாண்டவில்லை.

எழுதியபடி எல்லாம் நடந்துவிடவில்லை. தன் கையிலிருந்த அறக்கட்டளைச் சொத்துகளைப் பெட்டிக்குக் கையளிக்க நகர மன்றம் தயங்கியது. லூதரே கிருபைக்குப் பொருந்தாதவற்றை எழுதினார். 1525 விவசாயிகள் எழுச்சியில் ஆளுவோரின் வாளை ஊக்குவித்தார். 1543இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடூரமான நூல் பிற்காலத்தில் பெரும் தீமைக்கு உதவியது. லூத்தரன் சபைகளே அதை வெளிப்படையாக நிராகரித்திருக்கின்றன. தனக்குத் தகுதியில்லாமல் கிடைத்ததைப் பிறருக்கு மறுக்கும் சோதனை, கிருபையைப் போதித்தவரையும் விட்டுவைக்கவில்லை.

ஹாலே நகரத்து உண்டியல்

இப்போது இன்னொரு ஊர். சாலே ஆற்றங்கரையில் ஹாலே. ஆல்பிரெக்டுக்குப் பிடித்த ஊர். அங்கே அவர் சேர்த்த திருப்பண்டங்கள் பிரெடரிக்கின் கருவூலத்தைத் தூக்கிச் சாப்பிட்டன. 1520இல் வெளியான பட்டியல்படி, அவற்றால் கிடைக்கும் பலன் மூன்று கோடியே 92 லட்சம் ஆண்டுகளைத் தாண்டியது. ஆனால் ஊர் அவர் கையைவிட்டுப் போனது. 1541இல் லூதரின் தோழர் யூஸ்டஸ் யோனாஸ் அங்கே பிரசங்கிக்கத் தொடங்கினார். ஆல்பிரெக்ட் தன் கருவூலத்தோடு வெளியேறினார். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபனில் இறந்த லூதரின் உடல், விட்டன்பர்க் போகும் வழியில் ஹாலேயின் சந்தை ஆலயத்தில் இரவு தங்கியது. ஆல்பிரெக்ட் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. லூதரின் மரண முகவார்ப்பு இன்றும் அங்கே இருக்கிறது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கிறுக்கிய கடைசித் தாளில், நாமெல்லாம் பிச்சைக்காரர்கள்தான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1695இல், ஹாலேயின் ஏழைகள் வாழ்ந்த குளௌஹா பகுதிப் போதகர் அகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே, தன் வீட்டில் வைத்திருந்த உண்டியலைத் திறந்தபோது யாரோ போட்ட 4 தாலரும் 16 குரோஷனும் இருந்தன. அதை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அனாதை இல்லம், மருந்தகம், அச்சகம், நூலகம் என்று அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

ஃபிராங்கேயும் அவர் தோழர்களும் பக்தி இயக்கத்தார். வாயளவில் விசுவாசம் சொல்லிவிட்டு வாழ்க்கை மாறாதிருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. மனந்திரும்புதலின் போராட்டத்தை ஒருவர் உள்ளத்தில் அனுபவிக்க வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் சிலர் தங்கள் கண்ணீரையும் போராட்டத்தையும் அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். போதுமான அளவு வருந்தினேனா, போதுமான அளவு விசுவாசித்தேனா? நோன்புக் கணக்கு போய் உணர்ச்சிக் கணக்கு வந்தது. வாசல் வழியே துரத்திய தகுதிக் கணக்கு சன்னல் வழியே திரும்பியது.

ஹாலேயில் படித்த இளைஞர் பர்த்தொலோமேயு சீகன்பால்கு, தோழர் புளூச்சோவுடன், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1707இல் அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐவர், டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். சொந்தமென்று சொல்ல ஒன்றுமில்லாதவர்கள். தகுதி பார்த்துக் கொடுக்கும் மன்னிப்பென்றால் வரிசையின் கடைசியில்கூட அவர்களுக்கு இடம் கிடைத்திருக்காது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாயிருந்ததால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஆல்பிரெக்டின் கோடி ஆண்டுக் கணக்கு இருந்த ஊரிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது, ரோமருக்கு எழுதின நிருபம்.

இன்று புராட்டஸ்டண்டு வீடுகளில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால், 'தேவ கிருபையால் நல்லா இருக்கோம்' என்ற பதில் வரும். கத்தோலிக்க வீடுகளில் அதே பொருள் 'அருள்' என்ற சொல்லில் குடியிருக்கும். பிள்ளைகளுக்குக் கிருபா, கிருபாகரன், அருள்மேரி, அருள்தாஸ் என்று பெயர். நன்றியாகப் போடும் காசுக்கு 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்று தனியே பெயர் இருக்கிறது. பெறுவதற்காகக் கொடுப்பது வேறு, பெற்றதற்காகக் கொடுப்பது வேறு என்பதை ஒரே சொல்லில் பிரித்துவைத்திருக்கிறார்கள் நம் சபையார்.

ஆனால் கிருபையைப் பாடிய ஆலயங்களுக்குள் சாதிவாரி இருக்கைகளும் இருந்தன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் இணங்க மறுத்தார்கள். நோன்பால் வரும் தகுதியையும் காசால் வரும் தகுதியையும் மறுக்கக் கற்றவர்களுக்கு, பிறப்பால் வரும் தகுதியை விடுவது கடினமாயிருந்தது. இன்றும் முடிந்துபோகாத கணக்கு அது.

இரண்டு புயல்

தரங்கம்பாடியின் கதை அங்கேயே நிற்கவில்லை. மிஷனரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற கிராமத்துப் போதகர் வீட்டை எட்டின. போதகரின் மனைவி சுசன்னா வெஸ்லி அவற்றைப் படித்து உருகிப்போனார். தன் பிள்ளைகளோடு ஒவ்வொருவராகத் தனியே உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கினார். கணவர் ஊரில் இல்லாத 1712ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஞாயிறு மாலைகளில் வீட்டில் அவர் நடத்திய வாசிப்புக் கூட்டத்துக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் ஜான்.

ஜான் வெஸ்லி வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொரு லூதராக மாறினார். மணிக்கணக்கு வைத்து ஜெபம், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலை ஊழியம். சக மாணவர்கள் 'மெத்தடிஸ்ட்' என்று பரிகசித்தார்கள். 1736இல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது புயல் அடித்தது. பாய்மரம் கிழிந்து அலை தளத்தில் ஏறிய நேரத்தில், கூட வந்த மொரேவிய சபை ஜெர்மானியர்கள் குழந்தை குட்டிகளோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லி நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு புயல் லூதரை மடத்துக்குள் ஓட்டியது. இந்தப் புயல் வெஸ்லிக்குத் தன் பக்தியின் அடியில் இருந்த பயத்தைக் காட்டியது.

ஜார்ஜியாவில் தோற்றுத் திரும்பியவர், 1738 மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறிய கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் உள்ளத்தில் இதமான வெம்மை பரவியதாகவும், கிறிஸ்துவை மட்டும் நம்புவதாகவும் உணர்ந்ததாக நாட்குறிப்பில் எழுதினார்.

அதற்குப்பின் அவர் உழைப்பைக் குறைக்கவில்லை. குதிரைமேல் ஊர் ஊராக அலைந்தார். 1742இல் பிரிஸ்டல் சபையாருக்கு ஆலயக் கட்டடக் கடன் நெருக்கியபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். முடியாதவர்கள் இருக்கிறார்களே என்றார் ஒருவர். பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், கொடுக்க முடியாதவர்களின் பென்னியை நான் போடுகிறேன் என்றார் கூட்டத்தில் இருந்த ஒரு கப்பல் தலைவர். மெத்தடிஸ்ட் சபையின் வகுப்புக் கூட்டங்கள் அப்படித்தான் பிறந்தன.

அன்னம்மாள் ஆலயத்தில் ஒரு காலை

கத்தோலிக்கத் திருச்சபையும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கிருபை இல்லாமல் தன் செயல்களால் மட்டும் எந்த மனிதனும் நீதிமானாக முடியாது என்று 1547இல் திரெந்து சங்கம் தெளிவாகத் தீர்மானித்தது. அந்தக் கிருபையோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொன்னது. 1567இல் போப் ஐந்தாம் பத்திநாதர், பணத்தோடு இணைந்த பரிபூரண பலன்களை ஒழித்தார். பரிபூரண பலன் என்ற வழக்கம் கத்தோலிக்கத்தில் இன்றும் உண்டு, விலை கிடையாது. ஆனாலும் நீதிமானாக்கப்படுதல் பற்றி இரு சபைகளும் ஒன்றையொன்று சபித்து எழுதிய வரிகள் நானூறு ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றன.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அப்போது நாம் பெறும் பரிசுத்த ஆவியே நம்மை நற்செயல்களுக்கு அழைக்கிறது என்பது அதன் உட்பொருள். 2006இல் மெத்தடிஸ்டுகளும், 2017இல் விட்டன்பர்க்கில் வைத்துச் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தன. எல்லாக் கருத்து வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று அறிக்கையே சொல்லவில்லை. பழைய சாபங்கள் இன்றைய போதனையைத் தொடாது என்று சொன்னது; நானூறு ஆண்டுக்குப் பிறகு அது சின்ன விஷயமில்லை.

கையெழுத்தானது ஆக்ஸ்பர்க் புனித அன்னம்மாள் ஆலயத்தில். 1518இல் லூதர் தங்கிய அதே மடத்தின் ஆலயம். இப்போது லூத்தரன் ஆலயம். அதன் ஒரு கோடியில் பளிங்கு பதித்த அழகான சிற்றாலயம் ஒன்று உண்டு; ஃபுக்கர் குடும்பத்தின் கல்லறை அது. ஆல்பிரெக்டுக்குக் கடன் கொடுத்த யாக்கோப் ஃபுக்கர் 1525 முதல் அங்கேதான் துயில்கிறார்.

அதே ஊரில் 1521இல் அவர் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பும் இருக்கிறது. மஞ்சள் சுவர்களும் சிறிய வாசல்களுமாய் இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்டு வாடகை, யூட்டர்போக்கில் ஒரு தச்சன் டெட்சல் பெட்டியில் போட்டிருக்கக்கூடிய அதே தொகை: ஒரு ரைன் கில்டர். இன்றைய பணத்தில் 88 சென்ட். அதோடு, ஸ்தாபகர் கேட்டுக்கொண்டபடி, அவர் குடும்பத்தாரின் ஆத்துமாக்களுக்காக ஒவ்வொரு நாளும் மூன்று ஜெபம் சொல்கிறார்கள்.